தங்கை வீட்டுச் சாண எரிவாயு அடுப்பு

2010 தை மாதம், ஒரு ஞாயிற்றுக்கிழமை கடலூரிலிருந்து கிளம்பினேன். சாண எரிவாயு அடுப்பைப் பார்க்கப் போவதாக வீட்டில் சொன்னேன். அது பாதிதான் உண்மை. மண்ணெண்ணெய் ஸ்டவ் வெடித்து என் தங்கை வசந்தா இறந்து பதினான்கு மாதம் ஆகியிருந்தது. "ஒரு கேஸ் வாங்கிக் குடுக்க வக்கில்லாதவனுக்குப் பொண்ணக் குடுத்துட்டோம்" என்று சாவு வீட்டில், அவள் கணவர் செல்வராசுவின் காதில் விழும்படி சொன்னவன் நான். அதன்பின் அந்தப் பக்கமே போகவில்லை.

6.40க்குப் பேருந்து. சிதம்பரம் நாற்பத்தைந்து கிலோமீட்டர், ஒன்றேகால் மணி நேரம், பதினாறு ரூபாய். அங்கிருந்து லால்பேட்டை வண்டி. ஊர்ப் பெயரைச் சொன்னதும், "சாண கேஸ் பாக்கவா? அடிக்கடி ஆளுங்க எறங்குறாங்க" என்றார் கண்டக்டர்.

செல்வராசு வாசலிலேயே நின்றிருந்தார். "வாங்க மச்சான்" என்றார், எதுவுமே நடக்காதது போல. கொல்லையில், வசந்தா போனபிறகு அவர் கட்டிய, மண்ணுக்குள் புதைத்த செங்கல் தொட்டி. நான்கு மாட்டுச் சாணத்தை அதே அளவு தண்ணீரில் கரைத்து ஊற்றுகிறார். தொட்டியிலிருந்து ஒரு குழாய் அவர் வீட்டுக்கும் இன்னொன்று பக்கத்து ஹபீபா வீட்டுக்கும் போகிறது. புகை இல்லை. நாற்றமும் இல்லை, நம்புங்கள்.

டீ போட ஹபீபாவைக் கூப்பிட்டார். அவர் வந்து அடுப்பைப் பற்ற வைத்தார், நீலமாக எரிந்தது. செல்வராசு வெளியே போய் நின்றுகொண்டார்.

"அவுங்க தீக்குச்சியத் தொட மாட்டாங்கண்ணே" என்றார் ஹபீபா தணிந்த குரலில். "இவ்ளோ பாடுபட்டுக் கட்டுனாங்க. ஒரு நாளும் பத்த வெச்சதில்ல."

டீயோடு உட்கார்ந்தபோது செல்வராசுவே பேசினார். "அன்னைக்கு நீங்க சொன்னது சரிதான் மச்சான். வசந்தா அப்பவே, ஒங்க வீட்ல ரெண்டு சிலிண்டர் இருக்குது, ஒண்ணு கேக்கவான்னா. நான்தான் கவுரவம் பாத்து வேணாம்னுட்டேன். கேட்டிருந்தா குடுத்திருப்பீங்க."

டம்ளரைக் கீழே வைத்தேன். "அவ கேட்டா மாப்ள. ஒனக்குத் தெரியாம போன் பண்ணா. பாக்கலாம்மான்னு சொல்லி போன வெச்சிட்டேன். மறந்தே போயிட்டேன்."

அவர் தொட்டிப் பக்கம் திரும்பிப் பார்த்தார். பிறகு, "டீ ஆறுது மச்சான். குடிங்க" என்றார்.

போக விரும்புகிறவர்கள் காலையிலேயே போங்கள், சாணம் கரைப்பதைப் பார்க்கலாம். தொட்டி கட்டி முதல் எரிவாயு வர மூன்று வாரமாவது ஆகும். மழைக்காலத்தில் குறைவாகத்தான் வரும், அப்போது விறகோ சிலிண்டரோ வேண்டும். மாடு இல்லாதவர்கள் மாடு உள்ள அக்கம்பக்கத்தாரோடு சேர்ந்து கட்டலாம். உங்களிடம் கூடுதலாக ஒரு சிலிண்டர் இருந்து, யாராவது கேட்டால், அன்றைக்கே கொண்டுபோய்க் கொடுத்துவிடுங்கள்.