தக்காளிக்குத் துணை

எங்கள் அத்தையைப் போலத் தக்காளி வளர்க்க இனி ஒருத்தி பிறந்துதான் வரவேண்டும். அப்பாவின் தங்கை. தெலுங்கு ஊரான திருமுல்கேரியில் எங்களோடுதான் இருந்தாள். காலையில் ராமச்சந்திராபுரம் தொழிற்சாலைக்குக் கம்பெனி பஸ் ஏறினால் சாயங்காலம்தான் திரும்புவாள். வந்ததும் நேரே கேட்டுக்குள் இருந்த அந்தச் சின்னத் தோட்டத்தில் போய்க் குனிந்துவிடுவாள். வீட்டு மனிதர்களை விசாரிப்பதெல்லாம் அப்புறம்தான்.

ஒரு செடிக்குப் பக்கத்தில் எதை நடுவது என்று அவள் யோசிக்கிற யோசனை இருக்கிறதே, பெண்ணுக்கு மாப்பிள்ளை பார்க்கிறவர்கள்கூட அவ்வளவு யோசிக்க மாட்டார்கள். தக்காளிக்குப் பக்கத்தில் வெங்காயம் வரலாம், துளசி வரலாம். கத்தரி, மிளகாய், உருளை மூன்றும் கிட்டவே வரக்கூடாது. "எல்லாம் ஒரே குடும்பம் அண்ணே. ஒண்ணுக்கு வந்த சீக்கு எல்லாத்துக்கும் வரும். தள்ளித்தான் வைக்கணும்" என்பாள். "அப்ப நீ எதுக்குட்டி எங்ககூட இருக்க?" என்பார் அப்பா. அவள்தான் முதலில் சிரிப்பாள்.

அந்த வருஷம் அப்பா பழைய கார் ஒன்று வாங்கினார். அதை நிறுத்தத் தோட்டத்துக்குச் சிமென்ட் போட்டே ஆகவேண்டும் என்று ஒற்றைக்காலில் நின்றார். அத்தை கெஞ்சவில்லை. பந்தயம் கட்டினாள். நவம்பரில் எங்கள் சர்ச்சில் அறுப்பின் பண்டிகை. வீட்டில் விளைந்ததை எல்லாரும் கொண்டுபோய்ப் பீடத்துக்கு முன்னால் வைப்பார்கள். அதற்கு ஒரு கூடை நிறையத் தக்காளி போனால் தோட்டம் அவளுக்கு. போகாவிட்டால் காருக்கு. பந்தயம் முடிவான வாரமே நாற்று நட்டாள், சுற்றிலும் செண்டுமல்லியோடு. அழகுக்கு நட்டிருக்கிறாள் என்று நான் நினைத்தேன்.

செண்டுமல்லி பூத்துக் குலுங்குகிற நேரத்தில் பதுகம்மா பண்டிகை வந்தது. தெலுங்குப் பெண்கள் தாம்பாளத்தில் பூவை அடுக்கடுக்காக உயர்த்தி, சுற்றி வந்து கைதட்டிப் பாடுவார்கள். எங்கள் வீட்டில் அது இல்லை என்பது எட்டு வயதில் எனக்குப் பெரிய குறை. எதிர் வீட்டுப் பெண், என் வகுப்புத்தான், பூ கொண்டுவந்தால் நானும் சேர்ந்து அடுக்கலாம் என்று தெலுங்கில் சொன்னாள். அவ்வளவுதான்! பள்ளிக்கூடம் விட்டு வந்த கையோடு பாவாடை நிறையப் பறித்தேன். மொட்டைக்கூட விடவில்லை. எங்கள் அடுக்குதான் தெருவிலேயே உயரம். அப்படியொரு சந்தோஷத்தை அதற்குப் பிறகு நான் பட்டதில்லை.

சாயங்காலம் அத்தை தோள்பையோடு அப்படியே நின்றுவிட்டாள். அப்பா எட்டிப் பார்த்தார்.

"ஏட்டி, பூவெல்லாம் எங்க?"

நான் கதவுக்குப் பின்னால் இருந்தேன். அத்தையின் கண் என் பாவாடைக்கு வந்தது. அது முழுக்க மஞ்சள் கறை.

"நான்தான் எடுத்துக்கச் சொன்னேன் அண்ணே. எதிர் வீட்ல பண்டிகைல்லா."

அப்பாவுக்குக் கோபம் வந்தால் அந்த ஊர் இந்தி வந்துவிடும். "கைக்கு? எதுக்குட்டி? கூறு இருக்கா உனக்கு? பூச்சி பூவுல போய் முட்டை வைக்கும், தக்காளிக்கு வராதுன்னு நீதான சொன்ன?"

அத்தை தோள்பையை இறக்கிவைத்துவிட்டுச் செடிகளுக்குள் குனிந்தாள். தப்பித்தோம் பிழைத்தோம் என்று நான் நழுவினேன்.

பத்துப் பன்னிரண்டு நாளில் காய்களில் ஓட்டை விழ ஆரம்பித்தது. அத்தை தினமும் பஸ்ஸை விட்டு இறங்கி, வெளிச்சம் இருக்கிறவரை இலை இலையாகப் புரட்டிப் புழுவைப் பொறுக்கினாள். ஒரு நாளாவது என்னை முறைத்திருக்கலாம். மாட்டாள். என்ன மனுஷி! பண்டிகைக்கு அரைக் கூடைதான் தேறியது. அதையும் ஒவ்வொன்றாகத் துடைத்து அடுக்கி, நிமிர்ந்த தலையோடுதான் பீடத்துக்கு நடந்தாள். அப்பா கறாரான ஆள். அரைக் கூடைக்கு அரைத் தோட்டம் என்று தீர்ப்புச் சொல்லிவிட்டார். பாதிக்குச் சிமென்ட் விழுந்தது. கேட்டைச் சாத்த முடியாமல் காரின் பின்பக்கம் தெருவுக்கு நீட்டிக்கொண்டு நின்றது.

அடுத்த வருஷம் மிச்ச இடத்தில் நாலே வரிசைதான் பிடித்தது. இரண்டு தக்காளி. அதை ஒட்டி ஒரு வரிசை செண்டுமல்லி. நாலாவதும் செண்டுமல்லியேதான், தக்காளியை விட்டுத் தள்ளி, கேட்டுப் பக்கமாக.

"இருக்கதே இம்புட்டு இடம். இதுல ரெண்டு வரிசை பூ எதுக்குட்டி? தக்காளி வைக்கலாம்லா?" என்றார் அப்பா.

"எல்லாம் தக்காளிக்குத் துணைதான் அண்ணே" என்றாள் அத்தை.

பதுகம்மா நெருங்கியபோது என்னைக் கூப்பிட்டாள். "உள் வரிசையத் தொட்ராத. கேட்டுப் பக்கம் இருக்கத வேணா பறிச்சுக்கோ. அது கூடுதலா வந்தது."

அந்த வருஷமும் எங்கள் அடுக்குதான் உயரம். பாவாடை நிறையப் பூவோடு எதிர் வீட்டுக்கு ஓடும்போது, இந்தத் தக்காளிக்குத்தான் எத்தனை துணை வேண்டியிருக்கிறது, பாவம், என்று நினைத்துக்கொண்டேன்.