லீக் என்று தெருவெல்லாம் சொன்னேன்

ஆபீஸ் செக்கப்பில் என் கணவருக்கு ஹார்ட் எக்கோ ஸ்கேன் எடுத்தார்கள். டாக்டரைப் பார்க்க அடுத்த வாரம்தான் டோக்கன் கிடைத்தது. அதற்குள் ரிப்போர்ட்டை நானே படித்துவிட்டேன். மைட்ரல் வால்வில் லீக் என்று இருந்தது. எனக்குக் கையும் ஓடவில்லை, காலும் ஓடவில்லை.

மறுநாள் எங்கள் ஸ்ரீவராகம் தெருக்கோவிலில் சுவாமி புறப்பாடு. இவர் வருஷா வருஷம் பல்லக்குக்குத் தோள் கொடுப்பவர். இவரிடம் ஒரு வார்த்தை சொல்லாமல், கோவில் காரியங்களைப் பார்க்கும் மணி மாமாவிடம் ஓடினேன். "அவருக்கு ஹார்ட்ல ஓட்டை. தூக்க விடாதேங்கோ" என்றேன். லீக் எப்படியோ என் வாயில் ஓட்டையாகி, மாமா மூலம் தெருவெல்லாம் பரவிவிட்டது.

தோளில் துண்டை மடித்துப் போட்டுக்கொண்டு போனவரைப் பிடித்து நாற்காலியில் உட்கார வைத்தார்கள். பல்லக்கு அவரைத் தாண்டிப் போயிற்று. இவர் என் பக்கம் திரும்பவே இல்லை.

அடுத்த வாரம் மலையாளி டாக்டர் ரிப்போர்ட்டைப் பார்த்துச் சிரித்தார். "லீக்குக்கு முன்னாடி ட்ரிவியல்னு, ரொம்பக் கொஞ்சம்னு எழுதியிருக்கே சேச்சி. வால்வு நல்லா இருக்கு. நல்ல ஹார்ட்லயும் இத்திரி ரத்தம் திரும்பி வரும். சாரமில்லை, பயப்பட ஒண்ணுமில்லை. பாரம் தூக்கலாம்."

வெளியே வந்ததும் இவர் கேட்டார்: "இதையும் மணி மாமாகிட்ட ஓடிப் போய்ச் சொல்லுவியோ?"

சொன்னேன். வீடு வீடாகப் போய்ச் சொன்னேன். இப்போதெல்லாம் எந்த ரிப்போர்ட் வந்தாலும் டாக்டர் விளக்கும்வரை வாயைத் திறப்பதில்லை.

இந்த வருஷப் புறப்பாட்டில் இவர் பல்லக்கடியில் தோள் கொடுத்து நின்றார். அப்போதும் யாரோ இவருக்கென்று நாற்காலி கொண்டுவந்து போட்டார்கள். தலையைக் குனிந்தபடி அதில் நான் உட்கார்ந்துகொண்டேன்.