ஹிந்தியில் செய்த சத்தியம்

அந்த மோட்டார் சைக்கிள்களின் கழுத்தில், கைப்பிடிக்குக் கீழே, தீப்பெட்டி அகலத்தில் ஒரு தகடு இருக்கும். வண்டி எந்த நாட்டில் செய்யப்பட்டது என்று அதில்தான் பொறித்திருப்பார்கள். தில்லியில் புசா ரோட்டில் நான் வேலை பார்த்த ஷோரூமில், அந்தத் தகட்டை மறைத்து இங்கிலாந்துக் கொடி போட்ட ஸ்டிக்கரை ஒட்டிவிடுவது வழக்கம். முதலாளியின் உத்தரவு அது. கம்பெனி பிறந்தது இங்கிலாந்தில்தான். கூலி மலிவு என்று தொழிற்சாலையைத் தாய்லாந்துக்குக் கொண்டுபோய் வருஷங்கள் ஆகியிருந்தன. வண்டியில் ஒரு குறை சொல்ல முடியாது, தாய்லாந்துக்காரர்கள் அருமையாகச் செய்திருந்தார்கள். அதைச் சொல்லியே விற்றிருக்கலாம். ஆனால் சீமைச் சரக்கு என்றால்தான் தில்லிக்காரன் யோசிக்காமல் வாங்குவான் என்பது முதலாளியின் நினைப்பு. இந்த ஈனப் புத்திக்குச் சூட்டும் கோட்டும் வேறு.

விற்பனைக்குத் தலைவராக இருந்தவர் என் அக்காவின் கணவர். அத்தான்தான் என்னையும் அங்கே சேர்த்துவிட்டார். மதுரைப் பக்கத்திலிருந்து வந்து கரோல் பாகின் தெருக்களில் ஹிந்தி கற்றுக்கொண்ட மனிதர். வீட்டில் யாராவது பேச்சுவாக்கில் "சத்தியமா" என்று ஆரம்பித்தால் முகம் சுளிப்பார், அந்த வார்த்தையை விளையாட்டுக்குக் கூடச் சொல்லக் கூடாது என்பார். அதே மனிதர் கடையில் நின்றால் "மா கஸம்", "பேட்டீ கீ கஸம்" என்று அம்மா மேலும் மகள் மேலும் ஹிந்தியில் ஆணையிடுவார். தமிழில் சத்தியம் செய்வோம். ஹிந்திக்காரர்கள் சத்தியத்தைச் சாப்பிடுகிறார்கள், "கஸம் கானா" என்பதுதான் அவர்கள் பேச்சு. இன்றைக்கு எத்தனை சாப்பிட்டீர்கள் என்று நான் கேலி செய்தால் அத்தான் சிரிப்பார். "ஹிந்தியில சொன்னா கணக்குல வராது மாப்ள" என்பார்.

ஒரு நாள் நஜஃப்கட் பக்கத்திலிருந்து ஒரு பெரியவர் வந்தார். பெண்ணுக்குக் கல்யாணம், மாப்பிள்ளை வீட்டார் சீமை வண்டிதான் வேண்டுமென்று கேட்டிருந்தார்கள். பெரியவருக்கு எழுத்து தெரியாது. வண்டியின் கழுத்தில் இருந்த கொடியைத் தடவிப் பார்த்துவிட்டு, உனக்குப் பெண் குழந்தை உண்டா என்று அத்தானைக் கேட்டார். உண்டு என்றார் அத்தான். அப்படியானால் அவள் தலை மேல் ஆணையாகச் சொல், இது இங்கிலாந்தில் செய்ததுதானே என்றார். அத்தான் கண்ணைக்கூடச் சிமிட்டவில்லை. பேட்டீ கீ கஸம் என்றார். பெரியவர் அவரைக் கட்டித் தழுவிக்கொண்டார்.

கல்யாணம் முடிந்து சில வாரம் கழித்து, வண்டியைக் கழுவும்போது ஸ்டிக்கர் உரிந்து வந்துவிட்டது. தகட்டைப் படித்த சம்பந்தி வீட்டார், போலிச் சரக்கைத் தலையில் கட்டிவிட்டாய் என்று வண்டியோடு பெண்ணையும் திருப்பி அனுப்பிவிட்டார்கள். மறுநாள் நடுப்பகலில் பெரியவர் மூன்று மகன்களோடு ஹாக்கி மட்டைகளை எடுத்துக்கொண்டு வந்தார். கடையின் முன்பக்கக் கண்ணாடி முழுசாக நொறுங்கி இறங்கியது. வரிசையில் நின்ற வண்டிகளின் விளக்குகளை ஒவ்வொன்றாக உடைத்தார்கள். ஒருவன் என் கழுத்தைப் பிடித்துச் சுவரோடு அழுத்தினான். அத்தானை மற்ற இருவரும் தரையில் போட்டு மிதித்தார்கள். வாயிலிருந்து ரத்தம் வெள்ளைத் தரையில் தெறித்தது. முதலாளி தன் அறையை உள்ளே தாழிட்டுக்கொண்டு கண்ணாடி வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தார். அந்த முகத்தை இப்போது நினைத்தாலும் எனக்குக் கை துறுதுறுக்கிறது.

பெரியவர் மகன்களை நிறுத்தச் சொன்னார். அத்தானின் சட்டையைப் பிடித்துத் தூக்கி, பக்கத்து வண்டியின் பெட்ரோல் டாங்கி மேல் அவருடைய வலது கையை விரித்து வைத்தார். அன்றைக்குச் சொன்னதையே இப்போது உன் பாஷையில் சொல், மகள் மேல் ஆணையாகச் சொல், நான் போய்விடுகிறேன் என்றார். அவர் குரல் உடைந்திருந்தது. எங்கிருந்து அவருக்கு அந்த யோசனை வந்ததோ தெரியாது. சொல்லித் தொலை என்று முதலாளி உள்ளேயிருந்து சைகை காட்டினார். அங்கே தமிழ் தெரிந்தவன் நான் ஒருவன்தான். மதுரையில் வெயில் அதிகம் என்று சொல்லியிருந்தாலும் பெரியவருக்குப் புரிந்திருக்காது. சொல்லிவிடுங்கள் அத்தான் என்று நான் கத்தினேன்.

"என்னால முடியாது மாப்ள" என்றார் அத்தான். பிறகு பெரியவரைப் பார்த்து ஹிந்தியில், இது தாய்லாந்து வண்டி, நான் பொய் சொன்னேன் என்றார். மூத்த மகனின் மட்டை அந்தக் கையின் மேல் இறங்கியது. எலும்பு உடையும் சத்தத்தை அன்றைக்குத்தான் முதன்முதலில் கேட்டேன். இரண்டாம் முறையும் அடித்தான். பெரியவர் தடுக்கவில்லை, தரையில் உட்கார்ந்து முகத்தை மூடிக்கொண்டு அழுதார்.

உடைந்த வண்டிகளுக்கெல்லாம் முதலாளிக்கு இன்ஷூரன்ஸ் கிடைத்தது. அத்தானுக்கு வேலை போயிற்று. ஆஸ்பத்திரியிலிருந்து கையில் மாவுக்கட்டும் உதட்டில் தையலுமாக அவரை வீட்டுக்குக் கூட்டிவந்தேன். நடந்ததை ஒன்று விடாமல் அக்காவிடம் சொன்னேன், அடிபட்டபோதும் மகள் மேல் பொய்ச் சத்தியம் செய்யாத மனிதர் என்று அவள் உருகுவாள் என எதிர்பார்த்தேன். அக்கா எழுந்து போய் அவர் கன்னத்தில் ஓங்கி அறைந்தாள். தையல் பிரிந்து உதட்டில் மறுபடியும் ரத்தம் வந்தது.

"முதல்ல எதுக்குச் சொன்னீக?" என்றாள்.

"ஹிந்தியிலதானே சொன்னேன்" என்றார் அத்தான்.

அப்போதுதான் அவர்கள் மகளைக் கவனித்தோம். பள்ளிக்கூட யூனிஃபார்மோடு வாசலில் நின்றுகொண்டிருந்தாள். தில்லியில் பிறந்தவள். அம்மா தமிழில் கேட்டால் ஹிந்தியில் பதில் சொல்பவள், தூக்கத்தில் பிதற்றினாலும் ஹிந்தியில்தான் பிதற்றுவாள். அவள் அப்பாவைப் பார்த்து மெதுவாக, "மேரீ கஸம் காயீ, பப்பா?" என்றாள். என் மேலயா சத்தியம் பண்ணினே என்று அர்த்தம்.

இப்போது அவள் குர்கானில் வேலை பார்க்கிறாள். அப்பாவுக்கு வேண்டியதையெல்லாம் வாங்கிக் கொடுக்கிறாள், அவரைச் சீண்டுகிறாள், சிரிக்கிறாள், ஒரு மனஸ்தாபமும் கிடையாது. ஆனால் அத்தான் எதைச் சொன்னாலும், சாப்பிட்டாயிற்று என்று சொன்னால்கூட, "சச்?" என்று ஒரு தடவை கேட்பாள். நிஜமாகவா என்று. கேட்கிறோம் என்பதே அவளுக்குத் தெரியாது. அத்தான் ஒவ்வொரு தடவையும் தமிழில் பதில் சொல்கிறார், அவள் அரைகுறையாகப் புரிந்துகொண்டு தலையாட்டுகிறாள்.