தொட்டிக்குள் இறங்கிய நாள்

ஆஸ்டின் டவுனில் நாங்கள் குடியிருந்த லைன் வீடுகளுக்குப் பொதுவாக ஒரு சிமெண்டுத் தொட்டி உண்டு. விடியற்காலையில் வரும் தண்ணீரை அதில் நிரப்பி வைத்து, குடிக்கவும் சமைக்கவும் எல்லோரும் எடுப்போம். அமாவாசைக்கு அமாவாசை ஒரு வீட்டார் அதைக் கழுவ வேண்டும். முறை முதல் வீட்டில் தொடங்கி, கடைசி வீடான எங்கள் வீட்டில் முடிய வேண்டும். ஆனால் முடியாது. எங்களுக்கு முந்திய வீட்டோடு நின்று, மறுபடி முதல் வீட்டுக்கே போய்விடும்.

முறை வைப்பவர் முதல் வீட்டு அம்மாள். அவர் கணவர் அரசாங்கக் கச்சேரியில் குமாஸ்தா. ஏன் எங்களை விட்டுவிடுகிறீர்கள் என்று நான் போய்க் கேட்டபோது அவருடைய சிரித்த முகம் மாறவே இல்லை.

"பர்வாகில்லம்மா, உனக்குக் கைக்குழந்தை இருக்கு. நாங்க பாத்துக்கறோம்."

இரண்டாம் வீட்டுக்காரிக்குக் கையில் ஒன்று, வயிற்றில் ஒன்று. அவளும் தன் முறைக்குக் கழுவத்தான் செய்தாள். வாழைப்பழத்தில் ஊசி ஏற்றினால் எனக்கு வலிக்காது என்று அந்த அம்மாள் நினைத்தார் போலிருக்கிறது.

நாங்கள் குடிவந்த அன்றே அவர் ஒன்று கேட்டிருந்தார். "தங்கவயல்ல உங்கப்பாவுக்கு ஆபீஸ்ல வேலையா, சுரங்கத்துக்குள்ளயா?" என் பிறந்த ஊரான தங்கவயலில் சுரங்கத்துக்குள் இறங்கியவர்கள் பெரும்பாலும் எங்கள் ஜனங்கள்தான்; ஜாதியை வாய்விட்டுக் கேட்காமல் கேட்கிற வழி அது. "உள்ளதாங்க," என்றேன். அன்றிலிருந்து அவர் எனக்கு எதையும் கையில் தந்ததில்லை, வாசற்படியில் வைத்துவிட்டுப் போவார். தொட்டியின் அடியில் குழாய் இருந்ததால் நாங்கள் தண்ணீர் பிடிப்பதை யாரும் தடுக்கவில்லை. கழுவுவதென்றால் உள்ளே இறங்க வேண்டும். எங்கள் கால் அதற்குள் படும். சங்கதி அவ்வளவுதான்.

அடுத்த சுற்றில் எங்கள் முறை வர வேண்டிய அமாவாசைக்கு நான் யாரையும் கேட்கவில்லை. வழக்கப்படி முந்தின நாள் மாலையே எல்லோரும் ஆளுக்கொரு குடம் பிடித்து வைத்துக்கொண்டு, மிச்சத்தைத் திறந்துவிட்டிருந்தார்கள். நான் இருட்டோடு எழுந்து, புடவையை இழுத்துச் செருகிக்கொண்டு தொட்டிக்குள் இறங்கிவிட்டேன்.

செங்கல் தூளைத் தேங்காய் நாரில் தொட்டு மூலை முடுக்கெல்லாம் தேய்த்தேன். பாசி வழுக்கியது. பழைய முறைக்காரர்கள் கையெட்டாத மூலைகளை அப்படியே விட்டிருந்தார்கள் என்று கண்டபோது எனக்குக் கொஞ்சம் சந்தோஷமாகக்கூட இருந்தது. நான் சுண்ணாம்பு நீர் விட்டுக் கழுவும்போது மேலே அந்த அம்மாளின் முகம் தெரிந்தது.

"ஏம்மா, சொன்னா கேக்கமாட்டியா?"

"என் முறைங்கம்மா," என்றேன். தொட்டிக்குள் என் குரல் எனக்கே பெரிதாகக் கேட்டது. அவர் விருட்டென்று திரும்பிப் போய்விட்டார்.

தண்ணீர் வந்தது. முதலில் நிரம்பியதை அலசிக் கொட்டிவிட்டு மறுபடி நிரப்பினேன். தளும்பத் தளும்ப நின்ற தண்ணீரின் அடியில் சிமெண்டு வெள்ளையாகத் தெரிந்தது.

அதற்குப் பிறகு எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. அடுப்பில் ஒரு கண், தொட்டியில் ஒரு கண். இரண்டாம் வீட்டுக்காரி குடத்தோடு வெளியே வந்தாள். முதல் வீட்டுப் பக்கம் பார்த்தாள். பிறகு தொட்டியைச் சுற்றிக்கொண்டு அடுத்த தெருக் கிணற்றுக்கு நடந்தாள். அவளுக்குப் பின்னால் மற்றவர்களும் போனார்கள். கடைசியில் முதல் வீட்டு அம்மாளே, இடுப்புவலிக்காரர், குடத்தைத் தூக்கிக்கொண்டு மூச்சு வாங்கத் திரும்பினார். பருப்பு பொங்கி அடுப்பு அணைந்தது. குழந்தை அழுதது, தூக்கினேன், இறக்கினேன், மறுபடி ஜன்னலுக்குப் போனேன். யாராவது ஒருத்தி, ஒரே ஒரு செம்பு பிடித்தால் போதும் என்று சாயங்காலம் வரை மனம் அடித்துக்கொண்டது. ஒருத்தியும் பிடிக்கவில்லை.

மில்லிலிருந்து என் கணவர் வந்தார். குடிக்கத் தண்ணீர் கேட்டார். குடத்தைச் சாய்த்து அடியில் கிடந்ததை ஊற்றிக் கொடுத்தேன். ஒரு வாய் குடித்துவிட்டு டம்ளரைப் பார்த்தார்.

"இன்னா, நேத்துத் தண்ணியா இது?"

"ஆமா."

"தொட்டிய நீதானே கழுவினே? ரொம்பி நிக்குதே."

"இன்னும் ஒருத்தரும் எடுக்கலே," என்றேன்.

அவர் டம்ளரைக் கீழே வைத்தார். "நாமகூடவா?"

சுளீரென்றது. அன்று பொங்கிய சோறும் குழந்தைக்குக் காய்ச்சிய கஞ்சியும் முந்தின நாள் தண்ணீரில்தான். அவர்கள் குடித்துக் காட்டினால்தான் அது நல்ல தண்ணீர் என்று நானும் காத்துக்கொண்டிருந்திருக்கிறேன். காலையிலிருந்து அவர்கள் மேல் இருந்த கோபமெல்லாம் அந்த நிமிஷம் என் மேலேயே திரும்பியது. அழுகை வந்தது, அழவில்லை.

குடத்தில் மிச்சமிருந்ததை வாசலில் கொட்டிவிட்டு நேராகத் தொட்டிக்குப் போனேன். குழாயைத் திறந்தேன். காலிக் குடத்தில் தண்ணீர் விழுந்த சத்தத்துக்குக் கதவுகள் ஒவ்வொன்றாகத் திறந்தன. குனிந்து, இரண்டு கையாலும் ஏந்தி, வயிறு நிறையக் குடித்தேன். சுண்ணாம்பு லேசாக நாக்கில் பட்டது. மற்றபடி நல்ல தண்ணீர்.

நிமிர்ந்தபோது முதல் வீட்டு அம்மாள் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். அவர் என்ன செய்யப்போகிறார் என்று பார்க்க நான் நிற்கவில்லை. குடத்தை இடுப்பில் வைத்துக்கொண்டு வீட்டுக்குப் போய், புதிதாக உலை வைத்தேன்.