சாய்ந்த வீட்டுக்குச் சுற்றுவழி

எங்கள் வீட்டை யார் யாரோ படம் பிடித்துக்கொண்டு போகிறார்கள். பிரான்சின் இந்தப் பழைய நகரத்தில் எனக்கு இன்னும் பழகாதது அதுதான். மரச்சட்டம் தெரியும் சுவர், ஜன்னலில் சிவப்புப் பூத்தொட்டி, தெருப்பக்கம் ஒரு சாய்வு. அந்தச் சாய்வைத்தான் அழகு என்கிறார்கள். உள்ளே மாடிப்படிச் சுவரில் ஒரு விரிசல். அதன் குறுக்கே மெல்லிய கண்ணாடித் துண்டு ஒன்றை ஒட்டியிருக்கிறார்கள். சுவர் நகர்ந்தால் அது உடையும். முந்தாநாள் காலை அது உடைந்திருந்தது.

வீட்டுக்காரரைக் கூட்டிவந்து காட்டினேன். என் பிரெஞ்சு சமையற்கட்டில் கற்றது. நான்தான் உடைத்துவிட்டேன் என்று நினைத்து, "பா கிராவ்", பரவாயில்லை என்று தோளில் தட்டிவிட்டுப் போனார்.

என்னோடு தங்கியிருக்கும் சுலைமான் பாய் திருமலைராயன்பட்டினத்துக்காரர். இருவரும் ஒரே உணவகத்தில் பாத்திரம் கழுவுகிறோம். இந்த வீட்டு முகவரியைக் காட்டித்தான் மனைவிக்கும் மகளுக்கும் விசா வாங்கினார்.

"பாய், நகராட்சியில சொல்லிடுவோம்."

"சொன்னா பூட்டி சீல் வச்சிடுவான். பொம்பளப் புள்ளைய ரயில்வே ஸ்டேஷன்ல படுக்க வைக்கவா? வாயத் தொறக்காத, ஆமா."

சின்ன வயதில், என் ஊர் கோட்டுச்சேரியில், அடைமழையில் எங்கள் மண்சுவர் ஊறியபோது பக்கத்து வீட்டுக்காரர் கதவைத் தட்டவில்லை, உதைத்தார். "வெளிய வாங்கடா!" துணிமணியைச் சுருட்டிக்கொண்டு பள்ளிக்கூடத்துக்கு ஓடினோம். பொழுது சாய்வதற்குள் சுவர் விழுந்துவிட்டது. பள்ளிக்கூடத்தில் யாரும் முகவரி கேட்கவில்லை.

இன்று பாயின் மனைவியும் மகளும் ரயிலில் வந்து இறங்கும் நாள், பாய்க்கோ வேலை. ஸ்டேஷனுக்கு நான்தான் போனேன். வீடு பக்கம்தான், இருந்தும் அவர்கள் பெட்டியை இழுத்துக்கொண்டு எதிர்த்திசையில் நடந்தேன். கல் பாவிய சந்துகள், கறுத்த தேவாலயம், வாய்க்காலின் மேல் நடைபாலம் என்று ஒவ்வொன்றாகக் காட்டினேன். உண்மையிலேயே அழகான ஊர். நின்று பார்க்க எப்போதும் ஏதாவது இருக்கும்.

"என்னண்ணே, நம்ம தர்கா கந்தூரி ரதம் மாதிரி ஊரெல்லாம் சுத்துறீங்க? வீட்டுக்கு எப்ப கூட்டிட்டுப் போவீங்க?" பாயின் மனைவி சிரித்தார். கால் வலித்திருக்கும்.

எந்தச் சந்தும் கடைசியில் எங்கள் தெருவில்தான் கொண்டுவந்து விட்டது.

"மாமா, அந்தச் சாஞ்ச வீட்டப் பாருங்க! அங்க நிக்கிறேன், ஒரு ஃபோட்டோ எடுங்க," என்று மகள் ஆயிஷா ஓடிப்போய் வாசற்படியில் நின்றாள். அது யார் வீடு என்று அவளுக்குத் தெரியாது. சாவி என் சட்டைப்பையில் இருந்தது.

"வெளிய வாங்கடா!" என்ற கோட்டுச்சேரிக் குரல் தொண்டை வரை வந்து நின்றது. கை மட்டும், இந்த ஊர்க் கை, செல்போனைத் தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தது.