புருவமுனைப் பள்ளம்

இந்த ஊரில் தலைவலி வந்தால் சுக்கை இழைத்து நெற்றியில் பற்றுப் போட்டுக்கொள்கிறார்கள். பற்றோடு தண்ணீர் பிடிக்கிறார்கள், பற்றோடு ரயிலேறுகிறார்கள். கள்ளிக்குப்பத்துக்குக் குடிவந்த புதிதில் எனக்கு அது வேடிக்கை. நான் புருவங்களின் உள்முனையில், மூக்கை ஒட்டிய சின்னப் பள்ளங்களில் கட்டைவிரல்களை வைத்து அழுத்திக்கொள்வது அவர்களுக்கு வேடிக்கை. பக்கத்து வீட்டு முனியம்மாதான் முதலில் கேட்டாள்.

"இன்னாக்கா, கண்ண நோண்டிக்கினு கீற?"

என்னைப்போல பர்மாவிலிருந்து கப்பலேறி வந்தவர்களுக்கு விளக்க வேண்டியதில்லை. ரங்கூனில் எங்கள் தெருவில் ஒரு சீன வைத்தியர் இருந்தார். அந்தப் பள்ளத்தில் மயிரிழை போன்ற ஊசியைச் செருகித் தலைவலியையும் கண் நோவையும் தணிப்பார். மூங்கில்கள் கூடும் இடம் என்று அதற்குப் பெயராம். ஊசிக்குப் பயந்த எனக்கு விரலால் அழுத்தக் காட்டிக்கொடுத்தார். விளக்கைச் சுற்றி வண்ண வளையம் தெரிகிறதென்று யாராவது சொன்னால் மட்டும் அழுத்திக்கொண்டு காலம் கடத்தாதே, கண் டாக்டரிடம் அனுப்பு என்றும் சொன்னார். பிறகு ஆட்சி மாறியது, கடைகள் பறிபோயின. பிறந்த ஊரிலேயே எங்களைக் 'கலா' என்றார்கள். அந்நியர் என்று பொருள். கப்பலேறி வந்தபின் என் கணவருக்கு அம்பத்தூரில் தொழிற்சாலை வேலை கிடைத்தது. இங்கே நான் பர்மாக்காரி.

முனியம்மாவுக்கு ஒற்றைத் தலைவலி. மத்தியானங்களில் வந்து என் முன்னால் கண்ணை மூடி உட்காருவாள். அழுத்தினால் கொஞ்சம் தணியும். ஒருநாள் எழுந்து போகும்போது, அம்மன் கோயில் விளக்கைச் சுற்றி வானவில் போல வட்டம் தெரிவதாகச் சந்தோஷமாகச் சொன்னாள். உடனே கண்ணாஸ்பத்திரிக்குப் போகச் சொன்னேன்.

"ஆத்தா காட்றத நோவுன்றியேக்கா" என்றாள். அவள் முகம் சுருங்கிவிட்டது.

அவள் புருஷன் தாசனிடமும் சொன்னேன். யார் சொன்னது என்று கேட்டான். சீன வைத்தியர் என்று சொல்லியிருக்கக் கூடாது. அவன் தம்பி பட்டாளத்தில் இருந்தவன், சீனச் சண்டையில் திரும்பவில்லை.

"சீனாக்காரன் பேச்ச என் ஊட்ல பேசாத" என்றான்.

ஆஸ்பத்திரிக்குப் போனால்தான் இனிமேல் கை வைப்பேன் என்று முனியம்மாவிடம் சொல்லிவிட்டேன். அவள் வருவதை நிறுத்திக்கொண்டாள். சுவருக்கு அந்தப் பக்கம் அவள் முனகுவது மட்டும் கேட்டது. கிணற்றடியில் கயிற்றைத் தடவித் தேடினாள். குடத்துக்கு வெளியே தண்ணீரை ஊற்றினாள். பார்த்தும் என்னால் ஒன்றும் செய்ய முடியவில்லை. அடுப்படியில் வேலையாக இருக்கும்போதுகூட என் காது அந்தச் சுவரிலேயே இருந்தது.

ஒரு காலையில் முனகல் அலறலாக மாறியது. தாசன் ஷிப்ட்டுக்குப் போயிருந்தான். நான் ஓடிப்போய்ப் பார்த்தபோது முனியம்மா வாந்தியெடுத்துக்கொண்டு தரையில் கிடந்தாள். வலது கண் ரத்தச் சிவப்பாக, கல்போல இறுகியிருந்தது. யாரையும் கேட்காமல் ரயிலேற்றிப் பட்டணத்துக்குக் கொண்டுபோனேன். வழிநெடுக அவள் தலை என் மடியில் கிடந்தது. "கைய வெய்க்கா" என்று கெஞ்சினாள். வைத்தேன். தணியவில்லை.

இரண்டு கண்ணுக்குள்ளும் அழுத்தம் ஏறிவிட்டது என்றார் டாக்டர். வலது கண் போய்விட்டது. ஆபரேஷன் செய்து இடது கண்ணைக் காப்பாற்றினார்கள். இன்னும் கொஞ்சம் தாமதித்திருந்தால் அதுவும் போயிருக்கும் என்றார்.

தெருவில் வேறு கதை. பர்மாக்காரி அமுக்கி அமுக்கியே கண்ணைப் பிதுக்கிவிட்டாள் என்றார்கள். தாசன் என்னோடு பேசக்கூடாதென்று அவளுக்குக் கட்டளை போட்டான். முனியம்மா எனக்காக வாய் திறக்கவில்லை. என் வாசலுக்கு அதன்பின் யாரும் வரவில்லை. இந்த ஊரையும் விட்டுப் போக நேருமோ என்று என் கணவர் ஒருமுறை கேட்டார். போவதற்கு எங்களுக்கு எந்த ஊர் இருக்கிறது?

இப்போதும் தினமும் தெருக்குழாயடியில் அவளைப் பார்க்கிறேன். மற்ற பெண்கள் இருந்தால் குருட்டுக் கண் என் பக்கம் இருக்கும்படி திரும்பி நின்றுகொள்கிறாள். நாங்கள் இருவர் மட்டும் என்றால் குடத்தை எடுத்துக்கொண்டு சுற்றிவந்து மறுபக்கம் நிற்கிறாள். அந்த இடது கண்ணால் என்னைப் பார்த்துக்கொண்டே தண்ணீர் பிடிக்கிறாள். தூரத்தில் யாராவது வரும் சத்தம் கேட்டால் மெல்லத் திரும்பிக்கொள்கிறாள்.