பள்ளிப் பதிவேட்டில் எழுதிய ஊர்

வேலை தேடுகிறவர்களுக்கு யோசனை சொல்ல நம்மில் ஆளுக்கா பஞ்சம்? எழுபதுகளின் தொடக்கத்தில் எஸ்.எஸ்.எல்.சி. தேறிவிட்டு, கேரள மலையில் சித்திரபுரத்துக்கு மேலே ஒரு தேயிலை எஸ்டேட்டின் தொழிலாளர் லயத்து வீட்டில் நான் உட்கார்ந்திருந்தேன். வழியில் போகிறவர்கள்கூட நின்று ஏதாவது சொல்லிவிட்டுத்தான் போனார்கள். எண்ணெய் வழிய நேர்காணலுக்குப் போகாதே. கேட்டதற்கு மட்டும் பதில் சொல். மலையாளம் எழுதப் பழகு. எல்லாவற்றையும் செய்தேன்.

உருப்படியாகச் சொன்னவர் எஸ்டேட் ஆபீஸ் கிளார்க் ஒருவர்தான். கொழிஞ்சாம்பாறைக்காரர். "அம்மிணி, மொதல்ல டைப் அடிக்கக் கத்துக்குங்க. எம்ப்ளாய்மென்ட் எக்ஸ்சேஞ்சுல பதிஞ்சு வெச்சுருங்க. கார்டப் புதுப்பிக்க மட்டும் மறந்தராதீங்க" என்றார்.

எஸ்டேட் லாரியில் தொற்றிக்கொண்டு டவுனுக்குப் போய் டைப் கற்றுத் தேறினேன். எக்ஸ்சேஞ்ச் கார்டை அம்மாவின் டிரங்குப் பெட்டியில் வைத்து, தவணை தவறாமல் புதுப்பித்தேன். அம்மா கொழுந்து கிள்ளுகிறவள். இடுப்பு விட்டுப்போயிருந்தது. அவள் வேலையை விட்டு நின்றுவிட்டால், எஸ்டேட் வழக்கப்படி அவளுக்குப் பதிலாக வீட்டில் ஒருவர் பேர் பதிய வேண்டும். அந்த ஒருவர் நான்தான். அதற்குள் வெளியே ஒரு வேலை கிடைத்துவிட்டால் தப்பித்தேன். கூடை என் முதுகில் ஏறக் கூடாது என்பதைத் தவிர வேறெதையும் அந்த நாட்களில் நான் சாமியிடம் கேட்டதில்லை.

மூன்றாம் வருடம் அழைப்பு வந்தது. ஓர் அரசு அலுவலகத்தில் டைப்பிஸ்ட் வேலை. ஒரு பிழையில்லாமல் அடித்துக் காட்டினேன். அவர்களுக்குத் திருப்திதான். "ரெண்டு வாரத்துக்குள் நேட்டிவிட்டி சர்ட்டிபிகேட் கொண்டு வா" என்றார்கள். நான் கேரளத்துக்காரி என்பதற்கான சான்று. அத்தனை யோசனை சொன்னவர்களில் ஒருவர்கூட அதைப் பற்றி வாய் திறந்ததில்லை.

வில்லேஜ் ஆபீஸில் அதிகாரி என் எஸ்.எஸ்.எல்.சி. புத்தகத்தைப் புரட்டிப் பார்த்தார். "இதில திருநெல்வேலி ஜில்லா அல்லே? பின்னே நீ எங்ஙன இவிடத்துக்காரி ஆகும்?"

நான் பிறந்தது அந்த லயத்து வீட்டில். ஆனால் எஸ்டேட் ஆட்களிடம் ஊர் எது என்று கேட்டுப் பாருங்கள். மலை ஏறி இரண்டு தலைமுறை ஆனாலும், கீழே குலசாமி இருக்கிற ஊரைத்தான் சொல்வார்கள். இருக்கிற இடத்துக்குப் பேர் எஸ்டேட்டு, அவ்வளவுதான். என்னைப் பள்ளியில் சேர்த்த அன்றும் வாத்தியார் ஊர் கேட்டிருக்கிறார். அய்யா நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு, கோயில் கொடைத் திருவிழாவுக்கு வருடத்தில் மூன்று நாள் போய்வரும் அந்த ஊரைச் சொல்லியிருக்கிறார்.

"நான் இங்கனதான பொறந்தேன்?" என்று அய்யாவிடம் கத்தினேன்.

"ஊரு எதுன்னு கேட்டாக, சொன்னேன். இந்தக் காட்டு பேரையா சொல்லச் சொல்லுத? நாம என்ன ஊரு பேரு இல்லாத ஆளுகளா?"

அந்த நிமிடம் அவரை வெறுத்தேன். மறைக்க என்ன இருக்கிறது?

பிறந்ததைக் குறித்த எஸ்டேட் டிஸ்பென்சரி நோட்டைத் தேடினேன். கரையான் தின்றிருந்தது. சரி, அந்த ஊராவது என்னைத் தன் ஊர்க்காரி என்று சொல்லட்டும், பிழைப்பைத் தமிழ்நாட்டிலாவது தேடிக்கொள்ளலாம் என்று அய்யாவை இழுத்துக்கொண்டு கீழே போனேன். கிராம முன்சீப் மரியாதையாகத்தான் பேசினார். "ஒங்க அய்யா கொடைக்கு வந்துபோற ஆளும்மா. இங்க வீடு உண்டா, ரேஷன் கார்டு உண்டா? நான் எப்படி எழுதித் தருவேன்?" பக்கத்தில் நின்ற அய்யா துண்டைத் தோளிலிருந்து எடுத்துக் கையில் வைத்துக்கொண்டார்.

கெடு முடிந்தது. கிளார்க்கிடம் போய்ச் சொன்னேன். "அட கெரகமே! அது எப்படியும் இருக்கும்னுதானுங்க நெனச்சேன்" என்றார். அவரும் தமிழர்தான். ஆனால் கேரளத்துக்குள்ளேயே, தோட்டமும் வீடுமாகச் சொந்த மண்ணில் பிறந்தவர். அந்தச் சான்றை ஒரே காலையில் வாங்கியிருப்பார், வாங்கியதே மறந்திருக்கும். யோசனை சொல்கிறவர்கள் எல்லோரும் இப்படித்தான். தாங்கள் கஷ்டப்பட்டதை மட்டும் ஞாபகம் வைத்துச் சொல்கிறார்கள். சும்மா கிடைத்ததைச் சொல்ல அவர்களுக்குத் தோன்றுவதில்லை.

அம்மா வேலையிலிருந்து நின்றாள். நான் பேர் பதிந்தேன். டைப் அடித்த விரல்களில் ஒரே மாதத்தில் கொழுந்துக் கறை ஏறிவிட்டது. அய்யா தினமும் விடிகாலையில் என் கூடையைத் துடைத்து வாசலில் வைப்பார். ஒரு வார்த்தை பேசமாட்டார். நானும் பேசவில்லை. நான் பேசாமல் இருந்ததை இன்றுவரை என்னால் சரி என்றும் சொல்ல முடியவில்லை, தப்பு என்றும் சொல்ல முடியவில்லை.

இரண்டு மழைக்காலம் கழித்து அவர் இறந்தார். எஸ்டேட் புதைமேட்டில் அடக்கம் செய்துவிட்டு, மறுவாரம் பஞ்சாயத்தில் சாவைப் பதியப் போனேன். அங்கிருந்தவர் பதிவேட்டிலிருந்து தலையைத் தூக்காமல், இறந்தவருக்கு ஊர் எது என்று கேட்டார். எஸ்டேட்டின் பேரைச் சொன்னேன். சான்று ஒன்றும் கேட்கவில்லை. அப்படியே எழுதிக்கொண்டார்.